மெத்தைக்கடைக்காரர் பாட்டுக்கு முத்திரை விழுந்த விதம்

மெத்தைக்கடைக்காரர் வாயைத் திறந்தால் வியாபாரம்தான் வரும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் கடை வைத்திருந்த குடும்பம். அங்கே குழந்தை அழுதால்கூட எந்த விலைக்குப் படியும் என்றுதான் பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில், மனைவியிடம் மனசு குளிர ஏதாவது சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டு, காலையிலிருந்து யோசித்து, கடைசியில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "உன்னை மாதிரி இன்னொண்ணு எங்க தேடினாலும் கிடைக்காது. எத்தனை வருஷம் ஆனாலும் அமுங்காது. நம்பி எடுத்துக்கலாம்."

அன்று மதியம்தான் அதே வாக்கியத்தை அவர் ஒரு தேங்காய்நார் மெத்தையைத் தட்டித் தட்டிச் சொன்னதை, கடையில் உட்கார்ந்து அவள் கேட்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு நாள் எதற்குமே பதில் சொல்லவில்லை. அன்றோடு அவர் பாராட்டு என்கிற சமாசாரத்தை மூட்டைகட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

மனைவி டவுன் பஸ் ஓட்டுநர். அவள் தலைக்கு மேலே ஒரு தகரப் பலகை: 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.' வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதன் கீழேயே உட்கார்ந்து பழகியவள், வீட்டிலும் அது தொங்குகிற மாதிரியேதான் இருப்பாள். சண்டை சச்சரவு கிடையாது. இவருக்குச் சொல்லத் தெரியாது, அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. குடும்பம் பாட்டுக்கு ஓடிவிட்டது.

இப்போது அவள் ஓய்வு பெறுகிறாள். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, டெப்போவுக்கு எதிரே உள்ள மாநகராட்சி மன்றத்தில் வழியனுப்பு விழா.

"இந்தத் தடவையும் சொல்லலேன்னா அப்புறம் எப்பத்தான் சொல்லப்போறீங்க, அத்தான்?" என்று கேட்டான் மச்சினன்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. விசேஷங்களில் கீபோர்டு வாசிக்கிறவன். எந்தப் பாட்டை எடுத்தாலும் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தில்தான் ஆரம்பிப்பான் என்பதால் ஊரே அவனை டொய்ங் என்று கூப்பிட்டது. அவன் தன்னை இசையமைப்பாளர் என்று சொல்லிக்கொள்வான்.

"நான் சொன்னா விலை வந்துடுமே, மாப்ளே."

"அப்போ பாடுங்க. பாட்டுல விலை வராது."

பாடினார். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு, பின்னால் இருக்கிற கிடங்கில், நாலு பக்கமும் மெத்தைகளைச் சுவர்போல நிமிர்த்தி வைத்து, உத்தரத்துக் கொக்கியில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, டொய்ங் லேப்டாப்பைத் திறந்தான். வரிகள் அவரே எழுதியவை.

*ஊரெல்லாம் இறங்கிப் போச்சு,*
*உன் வண்டி காலியாச்சு,*
*கடைசி நிறுத்தம் நம்ம வீடு,*
*கதவு திறந்தே வச்சிருக்கேன்.*

பாடி முடித்ததும் கிடங்கில் அப்படி ஒரு அமைதி. மெத்தைகள் எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டன. டொய்ங் மூக்கை உறிஞ்சினான். "அத்தான், அக்கா அழுவா."

"அழ வேணாம்பா. கேட்டா போதும்."

சிக்கல் மன்றத்தில்தான் வந்தது. மன்ற மேலாளர் பாட்டுப் பதிவைக் கையில் வாங்கக்கூட மாட்டேன் என்றார். "வீட்டுல பதிஞ்சதா? வாரிய முத்திரை இருக்கா?"

முன்னொரு காலத்தில் மேயரின் பிறந்தநாளுக்கு அவருடைய மைத்துனர் வீட்டில் பதிந்த பாட்டை அந்த மன்றத்தில் போட்டிருக்கிறார்கள். மேயருக்கு ஒரு வாரம் காது அடைத்துக்கொண்டது. மைத்துனரை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒரு வாரியம் அமைத்தார்கள். வீட்டுப்பதிவுப் பாடல்களுக்கான ஆக்கபூர்வக் கருத்துரை வாரியம். அதன் முத்திரை இல்லாமல் வீட்டில் பதிந்த பாட்டு எதுவும் மாநகராட்சி மன்றத்தின் ஸ்பீக்கரில் ஒலிக்கக் கூடாது.

வாரியத்தின் கதவில் 'உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தட்டாதீர்கள்' என்று எழுதியிருந்தது. மெத்தைக்கடைக்காரர் தட்டாமல் நின்றார். வெகுநேரம் கழித்து வெளியே எட்டிப்பார்த்த செயலாளர், "தட்டினாத்தானே சார் நீங்க வந்திருக்கறது தெரியும்?" என்று கோபித்துக்கொண்டார்.

உள்ளே நீள மேசை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், இதற்கு முன் கழிவுநீர்ப் பிரிவில் இருந்தவர். இடப்பக்கம் குரல் உறுப்பினர் அம்மையார். வலப்பக்கம் தாள உறுப்பினர். நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார், எந்தத் தாளத்திலும் சேராத ஒரு தட்டு. சுவரில் ஒரு பலகை: 'இங்கே நல்லாயிருக்கு, நல்லாயில்லை ஆகிய சொற்கள் தடை செய்யப்பட்டுள்ளன.'

"புரியலையா?" என்று தலைவர் தொண்டையைச் செருமினார். எதைச் சொல்லுமுன்பும் அவர் செருமுவார். அது ஆறேழு வீடு தள்ளிக் கேட்கும். "நல்லாயிருக்குன்னு சொல்லிட்டா ஒருத்தன் வளர்றது நின்னுபோயிடும். நல்லாயில்லைன்னு சொன்னா மனசு ஒடிஞ்சிடும். அதனால நாங்க ரெண்டையும் சொல்றதில்ல. குறைங்கற வார்த்தையே இங்க கிடையாது. வளர்ச்சி வாய்ப்பு. அவ்வளவுதான்."

"சரிங்க. வளர்ச்சி வாய்ப்பு ஒண்ணுமே இல்லாத பாட்டா இருந்தா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படி ஒரு பாட்டு வந்தா, இந்த வாரியம் எதுக்குன்னு கேள்வி வரும்," என்றார் தலைவர். "அதனால வராது."

"ஐயா பாடுவீங்களா?" என்று மரியாதைக்குக் கேட்டார் மெத்தைக்கடைக்காரர்.

"நாங்க யாரும் பாடினதில்ல, வாசிச்சதில்ல. பழகிட்டா பாரபட்சம் வந்துடும் பாருங்க. கழிவுநீர்ல நான் இருந்தப்பவும் அப்படித்தான், குழாயைத் தொட்டதே கிடையாது. ஓட்டம்னா ஓட்டம்தான். அதைப் புரிஞ்சுக்கிட்டா போதும்."

டொய்ங் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தான்: "அவங்க சொல்றது எல்லாத்தையும் போன்ல பதிஞ்சுட்டு வந்துடுங்க அத்தான். நீங்க வந்து சொன்னா பாதி மாறிடும்." ஆகவே மெத்தைக்கடைக்காரர் போனை மேசைமேல் வைத்து, அனுமதி கேட்டு, பதிவை ஓடவிட்டார். செயலாளர் பாட்டைப் போட்டார். முதல் வரி வருவதற்குள் தலைவர் செருமினார்.

அந்த வாரியத்தின் நடைமுறை அது. பாட்டு முடிந்தபிறகு கருத்துச் சொல்வதில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லவேண்டும். "முடிஞ்சப்புறம் சொன்னா அந்தப் பாட்டுக்கு அது எப்படி உதவும்?" என்று செயலாளர் காதோரம் விளக்கினார். "ஓடற தண்ணியிலதான் மருந்து கலக்கணும்னு தலைவர் சொல்வார்."

விதிப்படி முதலில் ஒரு பாராட்டு. "பாட்டு ஆரம்பிக்குது," என்றார் தலைவர். "அதைப் பதிவு பண்ணிக்குங்க. எத்தனையோ பாட்டு ஆரம்பிக்கறதே இல்ல."

அப்புறம் மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள். குரல் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, முன்னால் கூட்டிவாருங்கள் என்றார் அம்மையார். தாளத்துக்குக் கனம் பத்தாது, அதை முன்னால் கொண்டுவாருங்கள் என்றார் தாள உறுப்பினர். எல்லாமே மூக்குக்கு முன்னால் நிற்கிறது, மொத்தத்தையும் பின்னால் தள்ளுங்கள் என்றார் தலைவர், நடுவில் தன் கழிவுநீர்க் கதையையும் மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டு. "இது வீட்டுப்பதிவுன்னு சொல்றீங்க. வீடே கேக்கலையே!"

"மெத்தைக்கு நடுவுல வச்சுப் பதிஞ்சதுங்க. சத்தத்தை மெத்தை குடிச்சிடும்."

"குடிச்சதை வெளிய எடுங்க."

பாட்டு எப்போது முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அது முடிந்து வெகுநேரம் வரை அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மெத்தைக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிறவிக்குணம் விடுமா, மேசையோரம் குனிந்தார். "எல்லாமாச் சேர்த்து நிறைய சொல்லிட்டீங்க. முதல் தடவை வர்றவன். பாதியில முடிச்சுக்கலாமே. குரலை நான் முன்னால கொண்டாந்துடறேன், நீங்க அந்த வீட்டை விட்டுடுங்க."

"கருத்துரையில பேரமா?" தாள உறுப்பினர் தட்டுவதையே நிறுத்திவிட்டார்.

"பேரம் இல்லீங்க. படியுமான்னு பார்த்தேன்."

படியவில்லை. போனில் பதிந்ததைப் பென் டிரைவில் ஏற்றி, டொய்ங் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டான். "கீபோர்டைக் குறைச்சா குரல் முன்னால வந்துடும் அத்தான். ஆனா கீபோர்டைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, பாருங்க. அதுக்குத்தான் சொல்றேன், வாசிப்பு அப்படி." அதனால் கீபோர்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினான். பாட்டை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். மனைவி வேலைக்குப் போனபிறகு, மெத்தைக்கடைக்காரர் குளியலறையில் நின்று பாடினார், மாடிப்படியில் நின்று பாடினார், பீரோவைத் திறந்துவைத்து அதற்குள் தலையை விட்டுப் பாடினார். பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவளை நிறுத்தி, "சாருக்கு உடம்பு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தார்.

"என்னங்க, பீரோவுக்குள்ள என்ன?" என்று அவள் அன்றிரவு கேட்டாள்.

"பூச்சி மருந்து அடிச்சேன்," என்றார் அவர்.

இரண்டாம் அமர்வில் பாராட்டுக்கு நெருக்கடி வந்தது. பாட்டு இந்த முறையும் ஆரம்பித்தது. ஆனால் அதை ஏற்கெனவே பாராட்டியாயிற்று, அதே பாட்டுக்கு ஒரே பாராட்டை இருமுறை வழங்க விதியில் இடமில்லை. தலைவர் அங்கும் இங்கும் பார்த்து, கடைசியில் பென் டிரைவைக் கையில் எடுத்தார். "இதுக்கு மூடி இருக்கு. பொறுப்பா மூடி வச்சிருக்காரு. பதிவு பண்ணிக்குங்க."

பிறகு செருமினார். "வீடு கேக்குது. இல்லேங்கல. ஆனா வாடகை வீடு மாதிரி கேக்குது."

"வாடகை வீடுதாங்க."

"அது உங்க சொந்தப் பிரச்சினை. பாட்டுல அது தெரியக் கூடாது. சொந்த வீடு மாதிரி கேக்கணும்."

தாள உறுப்பினருக்கு வேறு கவலை. பாட்டு பஸ் ஓட்டுகிறவளைப் பற்றியது, பஸ் எங்கே? ஒரு ஹாரனாவது வேண்டாமா? ஹாரன் வந்தால் அது தன் பிரிவு என்றார் அம்மையார், ஹாரனும் ஒரு குரல்தான். தட்டுகிறது எல்லாம் தாளம், ஊதுகிறதும் ஒருவகையில் தட்டுகிறதுதான் என்று தாள உறுப்பினர் வாதாடினார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, அமர்வின் மிச்ச நேரம் அதிலேயே போயிற்று. ஹாரன் யாருடையது என்று முடிவாகும்வரை பாட்டில் ஹாரன் வரவும் கூடாது, வராமல் இருக்கவும் கூடாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

டொய்ங் அதைக் கேட்டான். பிறகு ஹாரனைப் போட்டு, யாருக்கும் கேட்காத அளவுக்குக் குறைத்துவைத்தான்.

மூன்றாம் அமர்வுக்குள் பாட்டின்மேல் கைபடாத இடமில்லை. இரண்டாவது சரணமும் முதல் சரணமும் ஒரே மாதிரி போகிறது என்று ஒரு சரணத்தை எடுத்தாயிற்று. பல்லவிக்கு முன்னால் மூச்சுவிட இடம் வேண்டும் என்று கொடுத்த இடம் வளர்ந்து வளர்ந்து, அதில் ஒரு ஆள் படுத்து எழுந்திருக்கலாம். இந்த முறை பாராட்டு அவருடைய சட்டைக்குக் கிடைத்தது. அதற்கப்புறம் குரல் உறுப்பினர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ஒரு வளர்ச்சி வாய்ப்பு தோணுது. ரொம்ப யோசிச்சுத்தான் சொல்றேன். இந்தப் பாட்டுக்கு இடைஞ்சலா இருக்கறது எதுன்னு பார்த்தா, குரல்தான்."

"எந்தக் குரல்?"

"உங்க குரல். அது இல்லேன்னா பாட்டு எங்கேயோ போயிடும்."

இத்தனை நாளும் அவர்கள் சொன்னதையெல்லாம் மெத்தைக்கடைக்காரர் செய்தார், பீரோவுக்குள் தலையை விட்டார், எல்லாம் அந்த ஒரு காரியத்துக்காக. அவள் காதில் தன் வாயிலிருந்து நாலு வரி விழவேண்டும். அவ்வளவுதான் சரக்கு.

"அம்மா," என்றார், "மெத்தையிலேருந்து பஞ்சையெல்லாம் எடுத்துட்டு, உறையை மட்டும் மடிச்சு விக்கச் சொல்றீங்க."

"உறைக்கு நாங்க எதிரி இல்ல," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "நாளைக்கு வியாழன். விழாவுக்கு முன்னால கடைசி அமர்வு. குரல் இல்லாம வந்தா முத்திரை பத்தி யோசிக்கலாம்."

அன்று கடைக்கு வந்தவர்களிடம் மெத்தைக்கடைக்காரர் பேரமே பேசவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தார். ஒரு வாடிக்கையாளர் பயந்துபோய், மெத்தையில் ஏதோ கோளாறு என்று வாங்காமலே போய்விட்டார். டொய்ங் குரலை எடுத்து, பாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். வெட்டி வெட்டிப் பாட்டு ஒரு சாண் துணிபோல ஆகியிருந்தது.

"ஒப்புக்கு இதுல முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க அத்தான். கீபோர்டு மட்டுமாவது அக்கா கேக்கட்டும்."

அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை செயலாளர் பென் டிரைவைச் சொருகிவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பதிவு இருக்கே, சார். எதைப் போட?"

மெத்தைக்கடைக்காரர் வாழ்நாளில் சரக்கை எடைபோடாமல் எடுத்துக் கொடுத்தவரில்லை. "எது கனம்?"

"ரெண்டாவது. முதலாவதைவிட எத்தனையோ மடங்கு."

"அப்போ அதுதான். கனமாயிருக்கறதுதான் நல்ல சரக்கு."

மெத்தைக்கு அது உண்மை. ஆனால் கனமாக இருந்தது, அன்றைக்கு முதல் அமர்வை முழுசாகப் போனில் பிடித்து, டொய்ங் கேட்பதற்காக ஏற்றிவைத்த பதிவு.

ஸ்பீக்கரில் யாரோ செருமினார்கள். பின்னால் எங்கோ பாட்டு ஆரம்பித்தது. வாரியம் வழக்கப்படி உடனே பேச ஆரம்பித்தது.

"இந்தச் செருமல் எதுக்கு?" என்றார் தாள உறுப்பினர். "தாளத்துல சேரல. அசிங்கமா இருக்கு."

"குரல் ரொம்ப அதிகம்," என்றார் அம்மையார். "அந்தப் பொம்பளைக் குரல் இருக்கே, கீச்சுன்னு, அதை முதல்ல எடுக்கணும். மூக்காலே பேசுது."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். "அடிப்படையிலேயே கோளாறு. கவனிங்க. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பூந்து பேசறாங்க. அடுத்தவங்களுக்கு இடம் விடத் தெரியல. பின்னால பாவம், ஒரு பாட்டு ஓடிக்கிட்டிருக்கு; அதை ஒருத்தரும் கேக்கற மாதிரி தெரியல. எதுக்குக் கூடியிருக்கோம்னே தெரியாத ஆளுங்க. நடுவுல ஒரு தடிக்குரல், அதுக்குத் தான் பேசறதைத் தானே கேக்கறதுல..."

"...கழிவுநீர்ல நான் இருந்தப்பவும்," என்றது ஸ்பீக்கரில் அந்தத் தடிக்குரல், "குழாயைத் தொட்டதே கிடையாது."

அறையில் அப்படியொரு அமைதி விழுந்தது. கிடங்கில் மெத்தைகளுக்கு நடுவே கேட்ட அமைதியைவிடக் கனமான அமைதி. செயலாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மெல்ல மூடினார். தாள உறுப்பினர் நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கர் மட்டும் பேசிக்கொண்டே போயிற்று.

மெத்தைக்கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்குங்க, வேற பதிவு இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் செருமினார். அதே நேரத்தில் ஸ்பீக்கரிலும் அவர் செருமினார். இரண்டும் சேர்ந்து விழுந்தன.

"தாளம் சேருது," என்றார் தாள உறுப்பினர் ஈனசுரத்தில்.

"அந்தத் தடிக்குரல்ல," என்றார் அம்மையார், "ஒரு பக்குவம் இருக்கு. அதை இன்னும் கொஞ்சம் முன்னால கொண்டாந்தாக்கூட..."

"அந்தப் பெண்குரலும் அப்படித்தான்," என்றார் தலைவர். "முதல்ல கேக்கறப்ப மூக்குல வர்ற மாதிரி இருக்கும். போகப் போகத்தான் அது ஞானம்னு தெரியுது." பிறகு எழுந்து நின்றார். எழுந்து நின்று அவர் பேசியதைச் செயலாளர் இதுவரை பார்த்ததில்லை. "உறுப்பினர்களே! கருத்துரையைக் கேட்டுக்கிட்டவங்க எத்தனையோ பேர் வந்திருக்காங்க. கேட்டுட்டு ஒப்புக்கு ஏதாவது செஞ்சவங்க இருக்காங்க. ஆனா கருத்துரையையே பாட்டுல வச்சுக் கோத்தவர் இவர் ஒருத்தர்தான். குரலை எடுங்கன்னோம். அவர் தன் குரலைப் பின்னால தள்ளி, நம்ம குரலை முன்னால வச்சாரு. இதைவிட ஒரு பாடகன் வளர முடியுமா? வாரியம் ஆரம்பிச்ச நாளா நாம தேடிக்கிட்டிருந்த பாட்டு இதுதான். நாளைக்கு விழாவுக்கு நானே நேர்ல வர்றேன்."

மெத்தைக்கடைக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். வாங்குகிறவர் தலையாட்டிவிட்டபிறகு விற்கிறவன் பேசக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் இருந்தது. முத்திரை விழுந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது டொய்ங் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அத்தான், அதைப் போய் அக்கா முன்னால போட்டா நாறிடும்!"

"அதுல என் குரல் இருக்கு, மாப்ளே," என்றார் அவர். "அடியிலதான் கிடக்கு. ஆனா இருக்கு."

வெள்ளிக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. மனைவி தன் கடைசி ஓட்டத்தை முடித்து, பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சீருடையோடு வந்து மேடையில் உட்கார்ந்தாள். அதை எதிரே டெப்போவில் கொண்டுபோய் விடுவதுதான் பாக்கி. டெப்போ மேலாளர் பேசினார். நடத்துநர்கள் பேசினார்கள். முன்வரிசையில் வாரியத் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்து, ஓட்டுநர் அம்மாவுக்காக அவங்க வீட்டுக்காரர் பாடின பாட்டு," என்று அறிவித்தார்கள்.

அவள் தலை சட்டென்று திரும்பியது. மெத்தைக்கடைக்காரர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

மன்றத்து ஸ்பீக்கர்கள் பெரியவை. செருமல் கேட்டதும் பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

*ஊரெல்லாம் இறங்கிப் போச்சு,* "பாட்டு ஆரம்பிக்குது, அதைப் பதிவு பண்ணிக்குங்க," *உன் வண்டி காலியாச்சு,* "கனம் பத்தாது, கனம் பத்தாது," *கடைசி நிறுத்தம் நம்ம வீடு,* "வீடே கேக்கலையே!"

முதலில் ஒரு நடத்துநர் சிரித்தார். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு கிளம்பி, கூரைக்குப் போய்த் திரும்பிவந்தது. தலைவர் அதைக் கைதட்டலுக்கு முந்தைய நிலை என்று எடுத்துக்கொண்டு, எழுந்து திரும்பி வணங்கினார்.

சிரிக்காதவள் ஒருத்திதான். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் நூறு பேர் கத்திக்கொண்டிருக்க, எஞ்சினில் எங்கோ ஒரு சின்னச் சத்தம் மாறுவதைப் பிடித்த காது அது. பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு அடியில் இருந்ததைத் தேடிப் போயிற்று. நாலாவது வரி வந்தபோது அவள் எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க."

நின்றது.

"என்னங்க. இங்க வாங்க." தூணுக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். "அந்தப் பாட்டு நீங்க பாடினதா?"

"ஆமா."

"இந்தச் சந்தைக்கடை இல்லாம, பாட்டு மட்டும் தனியா இருக்கா?"

"டொய்ங்கிட்ட இருக்கு. முதல்ல பதிஞ்சது."

"அம்மா!" தலைவர் பதறிக்கொண்டு மேடைக்கு வந்தார். "அதுக்கு முத்திரை கிடையாது. மாநகராட்சி மன்றத்துல அதைப் போடக்கூடாது. தவிர, வளர்ச்சிக்கு முந்தின பாட்டு அது!"

அவள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கூட்ட நேரத்தில் படியில் தொங்குகிறவரைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தாள். "மன்றத்துலதானே போடக்கூடாது? வண்டி வெளிய நிக்குது. எல்லாரும் ஏறுங்க. உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க."

மன்றமே காலியாகி பஸ்ஸில் ஏறியது. விட்டுப்போக மனமில்லாமல் வாரியமும் ஏறி, முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் தன் இருக்கையில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். மெத்தைக்கடைக்காரர் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்தார். டொய்ங் மடியில் சின்ன ஸ்பீக்கரை வைத்து அமுக்கினான். டொய்ங் என்றது.

*ஊரெல்லாம் இறங்கிப் போச்சு...*

தலைவர் செருமினார். கையை உயர்த்தினார். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு விரலால் தலைக்கு மேலே இருந்த தகரப் பலகையைக் காட்டினாள்.

தலைவர் அதைப் படித்தார். விதி என்றால் அவருக்கு உயிர். கையை இறக்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் முழுசாகக் கேட்ட முதல் பாட்டு அதுதான்.

டெப்போ எதிரிலேயே இருந்தது. ஆனால் அவள் வண்டியை அதற்குள் விடாமல், சந்தை முனை வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு வந்தாள். பாட்டு முடிந்தபோது வண்டி சரியாகக் கொட்டகைக்குள் நின்றது. எஞ்சினை அணைத்தாள்.

"நல்லாயிருக்கு," என்றாள்.

பின்னாலிருந்து அம்மையார் ஏதோ முனகினார்.

"கீபோர்டு மட்டும் கொஞ்சம் அதிகம். உங்க குரல்மேல ஏறி உட்காந்திருக்கு."

"அக்கா!" என்று டொய்ங் அலறினான்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. "இந்த நாலு வரியைச் சொல்றதுக்கா உங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சு?"

மெத்தைக்கடைக்காரர் கம்பியைப் பிடித்து நின்ற மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"வாரியத்துல லேட் பண்ணிட்டாங்க," என்றார்.